கிள்ளாதீர்கள், காட்டுங்கள்

ஆண்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் விஷயம் இது. ஆணுறுப்புத் தோலில் வரும் சிறு பருக்கள்.

எல்லாப் பருவும் நோயல்ல. முனையைச் சுற்றி முத்துக் கோத்தாற்போல் வரிசையாகச் சின்னப் புடைப்புகள் சிலருக்கு இயல்பாகவே இருக்கும். தோலில் வெளிர்மஞ்சள் புள்ளிகளும் அப்படித்தான். யாருக்கும் ஒட்டாது. மருந்தும் வேண்டாம்.

செம்பனைத் தோட்டத்தில் நாளெல்லாம் வியர்வையில் நனைகிறவர்களுக்கு மயிர்க்காலில் சீழ்ப்பரு வரலாம். வேலை முடிந்ததும் குளியுங்கள். ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த பருத்தி உள்ளாடை போடுங்கள்.

இரவில் அரிப்பு கூடுகிறதா? விரலிடுக்கிலும் அரிக்கிறதா? சிரங்காக இருக்கலாம். டாக்டர் தரும் மருந்தை வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் பூச வேண்டும். ஒருவர் மட்டும் பூசினால் திரும்ப வந்துவிடும்.

வலியே இல்லாத புண்ணா? கொத்தாக வளரும் மருவா? பால்வினை நோயாக இருக்கலாம். வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். மனைவியும் சோதித்துக்கொள்வது நல்லது.

கிள்ளாதீர்கள். கண்ட களிம்பைத் தடவாதீர்கள். ஜாசினோ, அலோர் காஜாவோ, மெர்லிமாவோ, எந்த ஊரானாலும் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். கூச்சமாக இருந்தால் ஆண் டாக்டர் இருக்கிறாரா என்று முகப்பிலேயே கேளுங்கள். தாராளமாகக் கேட்கலாம்.