பாடகரின் துணிவும் நம் கணக்கு நோட்டும்

(காஞ்சிபுரத்தில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவைப் பற்றிப் பேசச் சொல்லி இளைஞர்கள் கேட்டார்கள். 'ஹஜ்ரத் வாயில் சங்கீதமா?' என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. இசை கூடுமா, கூடாதா என்ற மஸ்அலாவுக்கு இது மேடையல்ல. நாயனாப் பிள்ளை பாடிய ஊரில் பாட்டைப் பற்றிப் பேசினால் தப்பில்லை.

2018 ஆகஸ்டில் நடந்தது என்ன? இயேசுவைப் பாடிய கர்நாடக இசைக் கலைஞர்களை மதவெறியர்கள் மிரட்டினார்கள். ஓ.எஸ். அருண் தன் நிகழ்ச்சியிலிருந்து விலகினார். உடனே கிருஷ்ணா, இயேசுவைப் பற்றியோ அல்லாஹ்வைப் பற்றியோ மாதம் ஒரு பாடல் வெளியிடுவேன் என்று அறிவித்தார். அவ்வளவுதான்! அந்த நவம்பரில் டெல்லி நேரு பூங்காவில் நடக்கவிருந்த அவரது கச்சேரி, இணையத்தில் கிளம்பிய வசைமாரிக்குப் பிறகு தள்ளிவைக்கப்பட்டது. டெல்லி மாநில அரசு வேறு இடத்தில் மேடை கொடுத்தது. 17ஆம் தேதி பாடினார்.

நம் பிள்ளைகள் 'அல்லாஹ்வைப் பாடுகிறார்' என்று பூரித்துப் போனார்கள். அல்லாஹ் எவருடைய பாட்டுக்கும் தேவையற்றவன். அந்த மனிதர் காக்க நின்றது சக கலைஞனின் உரிமையை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, 2020இல் வந்த அவரது 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல். மிருதங்கத்துக்குப் பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் வேண்டும். தோல் வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கு அந்த வேலையின் நாற்றமும் பாடும் தெரியும். அதைப் பதப்படுத்தி, வார் இழுத்து, நாதம் வரவழைப்பவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். வாசிப்பவருக்குப் பொன்னாடை, செய்தவருக்குப் பெயர்கூட இல்லை. பசுத்தோல் என்று சொல்லவும் கூச்சம்! இதையெல்லாம் எழுதியவர் அந்தச் சபாக்களுக்குள்ளேயே வளர்ந்த பிராமணர். கலாக்ஷேத்ரா, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்கைத் திரும்பப் பெற்றது. 2024இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி அறிவித்தபோது, சக பாடகர்கள் சிலர் அங்கே பாடமாட்டோம் என்று விலகினார்கள்.

அடுத்த வீட்டு அநீதியை மேடை போட்டு யாரும் பேசலாம். அவர் தன் வீட்டைக் கேட்டார். நாம்?

வணிகப் பெருமக்களே! உங்கள் அலமாரியில் அடுக்கியிருக்கும் பட்டுச் சேலைகளில் ஒன்றையாவது நெய்தவர் பெயர் சொல்ல முடியுமா? நாள்கணக்கில் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தவர் அவர். இப்போது அஸர் முடிந்திருக்கிறது. கடைக்குப் போய் நோட்டைப் புரட்டுங்கள். கூலிப் பாக்கி நின்றால் மஃரிபுக்குள் கொடுத்துவிட்டு வாருங்கள். மற்ற விஷயங்களை இஷாவுக்குப் பிறகு பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.