எத்தனை மாடி, எத்தனை படி?

இன்று செவிலியர் பட்டம் பெறும் என் இளைய தோழர்களே,

சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து வருகிறேன் என்றால், விமான நிலையத்தில் வேலையா என்று கேட்கிறார்கள். விமான நிலையம் திறந்தது 1981-ல்தான். அதற்கு முன்பே அங்கே ஒரு குன்றின்மேல் ஆஸ்பத்திரி இருந்தது. 1930-களில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக எழுந்த கட்டடங்கள். 1976-லிருந்து பொதுமக்களுக்கான சாங்கி மருத்துவமனை. என் பணிக்காலத்தின் முன்பாதி அங்கே கழிந்தது. பின்பாதி, 1997-ல் சிமெய்க்கு இடம் மாறிய சாங்கி பொது மருத்துவமனையில். ஆனால் என் முதல் ஆசிரியை என் பாட்டிதான். அவரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

பாட்டி, சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தை ஒட்டியிருந்த கண்டாங் கெர்பாவ் மகப்பேறு மருத்துவமனையில் நர்ஸ். 1966-ல் அந்த ஒரே ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய 40,000 பிரசவங்கள். கின்னஸ் புத்தகத்தில் ஏறிய சாதனை. நாளொன்றுக்கு நூறுக்கு மேல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டி ஓய்வு பெற்றதும் அந்த ஆண்டில்தான். பெற்றவளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினால்தான் வலியோடு வருகிறவளுக்குக் கட்டில். அனுப்புமுன் பாட்டி கேட்பது இரண்டு கேள்வி: "வீட்டுக்கும் தண்ணிக் குழாய்க்கும் எவ்வளவு தூரம்? உனக்கு வெந்நீர் வச்சுக் குடுக்க யார் இருக்கா?"

பதில் சரியில்லை என்றால் விடுமுறை நாளில் பாட்டியே பஸ் ஏறிவிடுவார். சின்னப் பிள்ளையாக நானும் கூடப் போயிருக்கிறேன். துணிப் பைக்குள் டெட்டால் புட்டி, துவைத்து மடித்த பழந்துணி, ஒரு கத்தரிக்கோல். வாளித் தண்ணீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார். பிறகுதான் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார். கம்பத்தில், அதாவது கிராமத்தில், எல்லாருக்கும் அவர் "மிஸ்ஸி". எங்களுக்கு மட்டும்தான் பாட்டி.

வீடு தேடிப் போகும் வழக்கத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஐடா சிமன்ஸ் என்ற பொதுச் சுகாதார நர்ஸ், 1920-களின் பிற்பகுதியில் சிங்கப்பூரின் கிராமப்புறங்களில் இறங்கியவர். அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 250-க்கு மேல் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. நடந்தும் காரிலும் படகிலும் வீடு வீடாகப் போய், பாலையும் தண்ணீரையும் தொட்டிலையும் பார்த்தார். உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்துக் கூட அழைத்துப் போனார். ஜப்பானியர் காலத்தில் மற்ற ஐரோப்பியப் பெண்களைப் போல அவரும் சாங்கிச் சிறையில் அடைபட்டார். 600 பேருக்காகக் கட்டிய சிறை அது. அங்கே ஆயிரக்கணக்கானோரை அடைத்தார்கள். போர் முடிந்ததும் மறுபடியும் வேலைக்கு வந்தார். 1948-ல் அவர் ஓய்வு பெற்றபோது, ஆயிரத்துக்கு 250-க்கு மேல் இருந்த அந்தக் குழந்தை இறப்பு நூறுக்கும் கீழே வந்திருந்தது. இன்று சிங்கப்பூரில் ஆயிரத்துக்கு இரண்டு அளவில் நிற்கிறது. மருந்துக்கும் நல்ல தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் வாசற்படி ஏறிய நர்ஸ்தான் அவற்றைத் தாயின் கையில் சேர்த்தார் என்பது என் கட்சி.

இனி என் கதை. 1980-களின் கடைசி. என் வார்டில் ஒரு பெரியவர். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனவர். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரை நடக்கிறார். டாக்டர் கையெழுத்துப் போட்டாயிற்று, நாளை டிஸ்சார்ஜ். அன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் பாட்டி கேட்டார்: "எத்தனாவது மாடி? லிஃப்ட் நிக்குமா?" எங்கள் அடுக்குமாடி வீடுகளில் அந்தக் காலத்தில் லிஃப்ட் எல்லாத் தளங்களிலும் நிற்காது. காலையில் விசாரித்தேன். லிஃப்ட் நிற்பது ஐந்திலும் ஒன்பதிலும். அவர் வீடு ஏழாம் மாடி. ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு மாடிப் படி. டிஸ்சார்ஜைத் தள்ளிவைக்கச் சொல்லி, ஆஸ்பத்திரியின் பின்படிக்கட்டுக்கு அவரைக் கூட்டிப் போனோம். நல்ல காலை முதலில் வை, ஏறு. வலிக்கிற காலை முதலில் வை, இறங்கு. அவர் என்னைத் திட்டிக்கொண்டே ஏறினார். மூன்றாம் நாள் திட்டிக்கொண்டே வீட்டுக்கும் போனார். 2001-க்குப் பிறகு அரசாங்கமே தளத்துக்குத் தளம் லிஃப்ட் நிற்க ஏற்பாடு செய்யத் தொடங்கியது. அதற்குள் பாட்டி போய்விட்டார்.

என் மாணவப் பருவத்தில் நோயாளியின் வீட்டுப் படிகளைப் பற்றிப் பரீட்சையில் யாரும் கேட்டதில்லை. கட்டில் விரிப்பின் மூலை மடிப்புக்கு மதிப்பெண் உண்டு, கஞ்சி போட்ட தொப்பி கோணினால் வசவு உண்டு. இன்றும் நான் ஓட்டல் அறைக்குப் போனால் முதலில் விரிப்பின் மூலையைத்தான் பார்க்கிறேன். என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார்.

தொழிலில் ஆபத்தும் உண்டு, மறைக்கமாட்டேன். 2003-ல் சார்ஸ் தொற்றுநோய் வந்து சிங்கப்பூரில் 238 பேரைப் பிடித்தது. 33 பேர் மாண்டார்கள். நோய் கண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் சுகாதாரப் பணியாளர்கள். டான் டோக் செங் மருத்துவமனையின் செவிலியர் ஹமீதா இஸ்மாயில் உயிரையே கொடுத்தார். துணிச்சல் வேண்டும், பிள்ளைகளே. முகக்கவசத்தை ஒழுங்காகக் கட்டுகிற பொறுமையும் வேண்டும்.

உங்களில் சிலர் சிங்கப்பூருக்கு வருவீர்கள். 2030-ல் அங்கே குடிமக்களில் நாலில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். இங்கே தமிழ்நாட்டிலேயே இருப்பவர்களுக்கும் வேலை குறைவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர்கள் பல காலமாக வீடேறிப் போகிறார்கள். 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுபோகிறது. அந்த வேலையை இரண்டாந்தரம் என்று நினைக்காதீர்கள். ஐ.சி.யு.வில் கற்ற கை அங்கேயும் தேவை.

நாளைக்கு உங்கள் கையால் ஒரு நோயாளி டிஸ்சார்ஜ் ஆவார். மாத்திரைச் சீட்டை நீட்டுமுன் கேளுங்கள்: எத்தனை படி, யார் சமைப்பார், இன்சுலினை எங்கே வைப்பீர்கள், ராத்திரியில் கூப்பிட்டால் யார் வருவார். ஐந்து நிமிடம் ஆகும். "நேரமில்லை" என்று மேலே இருப்பவர் சொன்னால், சாங்கியிலிருந்து வந்த ஒரு கிழவி கேட்கச் சொன்னாள் என்று என் பேரைச் சொல்லுங்கள்.