தற்புகழ்ச்சியும் தக்க வினாவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இசையும் நாடகமும் சிறுவர் நடனமும் நிறைந்த இவ்விழாவில் சொற்பொழிவுக்கு ஒதுக்கிய நேரம் சிறிது. பின்னால் பந்தி காத்திருக்கிறது என்பதையும் நான் அறிவேன். ஆதலின் சுற்றி வளைக்காமல் பொருளுக்கு வருகிறேன்.

நம் குடியிருப்பில் மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சிறு சிறு குழுக்கள் கூடுகின்றன. அஞ்சல் தலை சேர்ப்போர் ஒரு பக்கம். கச்சேரி கேட்டு இராகம் சொல்வோர் ஒரு பக்கம். மாடியில் தோட்டம் வளர்ப்போர், தொலைநோக்கியால் விண்மீன் காண்போர், விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கப் போவோர் என்று பலர். இவர்களுக்கு ஊதியம் கிடையாது. பதவி உயர்வும் கிடையாது. ஆர்வம் ஒன்றே இவர்களைக் கூட்டி வைக்கிறது. பிழைப்புக்காக மொழி வேறுபட்ட ஊரில் வந்து குடியேறிய நமக்கு, இக்குழுக்களே உற்றார் உறவினர் போல் அமைந்துள்ளன.

ஆயினும் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ‘எனக்குத் தெரியாததா?’ என்னும் சொல் அலுவலகத்தைக் காட்டிலும் இக்குழுக்களில்தான் மிகுதியாக ஒலிக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. அலுவலகத்தில் ஒருவர் அறிவைப் பட்டமும் பதவியும் ஓரளவு அளந்து விடுகின்றன. பொழுதுபோக்கில் அத்தகைய அளவுகோல் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தம் வாயையே அளவுகோலாக ஆக்கிக்கொள்கின்றனர். ‘முப்பது ஆண்டுகளாக நான் கேட்காத கச்சேரியா?’ என்கிறார் ஒருவர். ‘அந்தப் பறவையை நான் இருபது முறை பார்த்தவன்’ என்கிறார் மற்றொருவர். கேட்டுக்கொண்டிருப்பவர்களுள் சிலர் தலையை ஆட்டுகின்றனர். சிலர் உள்ளுக்குள் சிரிக்கின்றனர். ஒருவர் எழுந்து, ‘நீர் என்ன பெரிய மேதையா?’ என்று பாய்கிறார். அன்றோடு அக்குழு இரண்டாகிறது. இளைஞர்கள் மெல்ல வராமல் நின்று விடுகின்றனர்.

தற்புகழ்ச்சி பற்றி நம் முன்னோர் சிந்திக்காமல் இல்லை. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், எத்தனை துறைகளைக் கற்றுத் தேர்ந்து புதிய நூல் படைத்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று முதலில் விலக்குகிறார். ஆனால் அதோடு நின்றாரில்லை. அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவில் இருக்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று நான்கு இடங்களில் இசைவும் தருகிறார். மனித இயல்பை அறிந்த ஆசிரியர் அவர். புகழ்ச்சி தவறன்று, அது இடம் அறிந்து வரவேண்டும் என்பதே அவர் கருத்து. நான் இன்று அதனோடு ஒன்றைச் சேர்க்க விழைகிறேன். தன் திறமையைச் சொல்லுகிறவன், அதைப் பற்றிய வினாவுக்கு விடை சொல்லவும் கடமைப்பட்டவன். அவ்வாறே, ஐயம் உடையவன் அதை முகத்துக்கு நேரே மரியாதையுடன் கேட்கக் கடமைப்பட்டவன். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் விளையும் கேடு எத்தகையது என்பதற்கு, நாம் வாழும் இந்த மகாராட்டிர மாநிலத்தோடு தொடர்புடைய உண்மை வரலாறு ஒன்றைச் சொல்கிறேன்.

நம் நாட்டுக் காடுகளில் ஒரு சிற்றாந்தை உண்டு. வீட்டு மரங்களில் நாம் காணும் புள்ளி ஆந்தையை ஒத்தது; ஆனால் தலையிலும் முதுகிலும் புள்ளிகள் மிகக் குறைவு; சிறகிலும் வாலிலும் பட்டைகள் அழுத்தமானவை. பகலிலேயே இலையுதிர்ந்த மரத்தின் உச்சிக் கிளையில் அமர்ந்திருக்கும் இயல்பினது. 1873-ஆம் ஆண்டில் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் இதனைப் புதிய இனம் என்று உலகுக்கு அறிவித்தார். பின்னாளில் காங்கிரசு மகாசபை தோன்றக் காரணமாயிருந்த அதே ஹியூம்தான். அதன் பின்னர் கிடைத்த உடல்கள் மிகச் சில. உலகத்து அருங்காட்சியகங்கள் அனைத்திலும் சேர்த்து ஏழே ஏழு உடல்கள் இருந்தன. ஜேம்ஸ் டேவிட்சன் என்னும் ஆங்கில அதிகாரி கான்தேசப் பகுதியில் 1880-களில் திரட்டியவை அவற்றுள் அடங்கும். 1884-க்குப் பின் அப்பறவையைக் கண்டவர் எவரும் இலர், ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் கர்னல் ரிச்சர்டு மைனர்ட்சாகன் என்பவர். 1878-இல் பிறந்து 1967-இல் மறைந்த ஆங்கிலப் படைவீரர். பறவை நூல் வல்லார் என்று பெரும்புகழ் பெற்றவர். அரபு நாட்டுப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் பறவையியலார் கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். 1937-இல் நம் சாலிம் அலி அவர்களுடன் ஆப்கானித்தானத்துக்குப் பறவை ஆராயச் சென்றவர். ஏறத்தாழ 20,000 பறவைத் தோல்களை 1954-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தவர். அவருடைய சேகரிப்பில் அந்தச் சிற்றாந்தையின் உடல் ஒன்றும் இருந்தது. குசராத்தைச் சேர்ந்த மாண்டவியில் 1914-ஆம் ஆண்டு கிடைத்தது என்று அதன் சீட்டு கூறியது. இத்தகைய பெருமகன் எழுதிய சீட்டை யார் கேள்வி கேட்பார்? நூல்கள் அனைத்தும் அதனை அப்படியே ஏற்றன.

ஆனால் முணுமுணுப்பு இருந்தது. அருங்காட்சியகத்துப் பறவை உடல்களை இசைவின்றி வெளியே எடுத்துச் சென்றார் என்று 1919-இலேயே அவரை அங்கே நுழையவிடாமல் தடுத்தனர். சில காலத்துக்குப் பின் தடை நீங்கியது. பழையபடி கதவு திறந்தது. ‘பிற இடத்துப் பொருள்கள் இவர் சேகரிப்பில் இருக்கின்றன, சீட்டுகள் மாற்றப்பட்டுள்ளன’ என்று அறிஞர் சிலர் தமக்குள் பேசிக்கொண்டனர், கடிதங்களிலும் எழுதிக்கொண்டனர். அவையில் எழுந்து கேட்டவர் இலர். பெரிய மனிதர் என்னும் அச்சம், நன்கொடை தந்தவர் என்னும் கூச்சம், நமக்கேன் வம்பு என்னும் விலகல் ஆகிய மூன்றும் சேர்ந்து வாய்களை அடைத்தன.

அவர் மறைந்து 26 ஆண்டுகள் கழிந்த பின், 1993-இல் ஆலன் நாக்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், மைனர்ட்சாகன் அளித்த சிறு பறவை இனம் ஒன்றின் உடல்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, அவற்றுள் பல வேறிடத்திலிருந்து திருடப்பட்டுப் பொய்ச் சீட்டு ஒட்டப்பட்டவை என்று வெளியிட்டார். அதன் பின்னர் பமீலா ராஸ்முசன் என்னும் அமெரிக்கப் பெண்மணியும் நைஜல் காலர் என்னும் அறிஞரும் அந்தச் சிற்றாந்தையின் உடலையே சோதனைக்கு எடுத்தனர். எக்ஸ்ரே படம் பிடித்தனர். தோலைப் பதப்படுத்திய முறையையும் தையலையும் உள்ளே வைத்திருந்த பஞ்சையும் ஆராய்ந்தனர். ஒவ்வொரு சேகரிப்பாளருக்கும் கைப்பழக்கம் என்று ஒன்று உண்டல்லவா? அந்த உடலில் டேவிட்சனின் கை தெரிந்தது. அவர் 1880-களில் திரட்டியதை எடுத்து, பிரித்து, மீண்டும் தைத்து, புதிய ஊரும் புதிய ஆண்டும் எழுதி ஒட்டியிருக்கின்றனர் என்பது வெளிப்பட்டது.

ஒரு சீட்டுப் பொய்யானால் என்ன முழுகிவிட்டது என்று தோன்றலாம். அன்பர்களே, அப்பறவை இன்னும் உயிரோடு உண்டா என்று தேடிய அறிஞர் பலர். கடைசியாகக் கண்ட இடமும் காலமுமே அவர்களுக்கு வழிகாட்டி. அவ்வழிகாட்டியே பொய். 1914 என்பதையும் மாண்டவி என்பதையும் தள்ளிவிட்டு, மெய்யான சீட்டுகள் காட்டிய பழைய இடங்களுக்கு மட்டும் ராஸ்முசன் அம்மையாரும் துணைவர் இருவரும் 1997-இல் புறப்பட்டனர். கிழக்கே சில இடங்களில் தேடியும் கிட்டவில்லை. பின்னர் இன்றைய நந்துர்பார் மாவட்டத்தைச் சேர்ந்த சகாதாவுக்கு அருகில், நவம்பர் 25-ஆம் நாள் காலையில், இலையற்ற மரக்கிளையில் அமர்ந்திருந்த அச்சிற்றாந்தையைக் கண்டனர். 113 ஆண்டுகளுக்குப் பின் அது மனிதர் கண்ணில் பட்டது. பிற்பாடு மேல்காட்டுக் காடுகளிலும், 2014-இல் மும்பைக்கு அருகே தான்சா வனத்திலுங்கூட அது காணப்பட்டுள்ளது. இன்றும் அது அழியும் நிலையில் உள்ள இனமே. வினா எழாத அத்தனை ஆண்டுகளிலும் அதன் காடுகள் வெட்டுண்டு கொண்டிருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் வீம்பின் விலையைப் பேசத் தெரியாத ஓர் உயிரினம் கொடுத்தது.

இதைக் கேட்டு, ‘இனி எவர் எது சொன்னாலும் நம்பக்கூடாது’ என்று முடிவு கட்டிவிட வேண்டா. அதற்கு எதிரான வரலாறும் உண்டு. சென்னை மாகாணத்துப் படையில் மருத்துவராயிருந்த ஜெர்டன் என்பவர் 1848-இல் ஓர் ஓடும் பறவையைக் கண்டறிந்தார். அவர் பெயராலேயே அதனை ஜெர்டன் கோர்சர் என்று அழைப்பர். 1900-க்குப் பின் அதைக் கண்டவர் இல்லை. அழிந்தது என்றே கருதினர். 1980-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் பறவையின் படத்தைக் காட்டி ஊராரிடம் விசாரித்தனர். பறவை பிடிக்கும் ஊர்க்காரர் ஒருவர் 1986 சனவரியில் இரவில் அப்பறவையைப் பிடித்தே கொண்டுவந்து விட்டார். அவருக்குப் பட்டம் இல்லை, பதக்கம் இல்லை, கழகத் தலைமையும் இல்லை. ‘உனக்கென்ன தெரியும்?’ என்று கேட்டிருந்தால் அப்பறவை இன்னும் எத்தனை ஆண்டு மறைந்திருக்குமோ! அவர்கள் ‘உனக்கென்ன தெரியும்?’ என்று கேட்கவில்லை. ‘நீ கண்டது இதுவா? எங்கே கண்டாய்? எப்போது கண்டாய்?’ என்று கேட்டனர்.

இரண்டு வினாக்களுக்கும் உள்ள வேற்றுமையே இன்றைய என் பேச்சின் சாரம். முதல் வினா ஆளைத் தாக்குகிறது, விடை தேடுவதில்லை. இரண்டாம் வினா செய்தியைத் தொடுகிறது. ஆளின் மானத்தைத் தொடுவதில்லை. கர்னலுக்கும் அதே வினாவைக் கேட்க வேண்டும். பறவை பிடிப்பவருக்கும் அதே வினாவைக் கேட்க வேண்டும். பெரியவருக்கு வினா இல்லை, எளியவருக்கு விடை சொல்ல வாய்ப்பில்லை என்னும் நிலைமைதான் கேடு.

இங்கிலாந்தில் பறவை காண்போர் இதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். அரிய பறவையைக் கண்டேன் என்று கூறுவோரின் செய்திகளை ஆராய 1959-இல் பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவை அமைத்தனர். கண்டவர் எவராயினும் குறிப்பை எழுதி அனுப்ப வேண்டும். குழு அதைச் சீர்தூக்கிப் பார்க்கும். நெடுநாள் அனுபவம் உடையவர் குறிப்பும் சில வேளை ஏற்கப்படாமல் திரும்பும். அது அவமானம் அன்று, முறைமை என்று பழகிக்கொண்டனர்.

நம் சிறு குழுக்களுக்குப் பத்துப் பேர் குழு வேண்டியதில்லை. பழக்கம் ஒன்று போதும். இசை அன்பர் ஒருவர் ‘இது கல்யாணி’ என்றால், அருகில் இருக்கும் சிறுமி ‘மாமா, சங்கராபரணம் இல்லை என்று எதனால் சொல்கிறீர்கள்?’ என்று கேட்கட்டும். அவர், ‘மத்திமத்தைக் கவனி அம்மா; இதில் வருவது பிரதி மத்திமம், அதில் வருவது சுத்த மத்திமம்’ என்று பாடிக் காட்டட்டும். அவர் பெருமையும் ஓங்கும். சிறுமிக்குக் காதும் திறக்கும். அஞ்சல் தலை அன்பர் ஒருவர், 1948-ஆம் ஆண்டுக் காந்தியடிகள் பத்து ரூபாய்த் தலையில் ‘சர்வீஸ்’ என்று மேலச்சு இட்டது தம்மிடம் உண்டு என்கிறார் என்று கொள்வோம். அவை 100 மட்டுமே அச்சிடப்பட்டவை. நகைக்கவும் வேண்டா, வாய் பிளக்கவும் வேண்டா. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ‘பார்க்கலாமா?’ என்று கேட்டால் போதும். மெய்யாயின் அனைவர்க்கும் விருந்து. பொய்யாயின் அவருக்கே நன்மை.

வள்ளுவப் பெருந்தகை அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவையை மதிக்கவும் வேண்டும். அவைக்கு அஞ்சாமல் பேசவும் வேண்டும். பெருமை பேசுபவர் முன்னதை நினைவில் கொள்ளட்டும். ஐயுறுபவர் பின்னதை நினைவில் கொள்ளட்டும். பெரியோர்களுக்கு என் வேண்டுகோள்: சிறுவர் ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அவர்கள் உங்கள் அறிவைக் குறைக்கவில்லை. அதில் பங்கு கேட்கிறார்கள். இளைஞர்களுக்கு என் வேண்டுகோள்: மாடிப்படியில் நின்று முணுமுணுக்காதீர்கள், கூடத்துக்குள் வந்து பணிவோடு கேளுங்கள்.

 நான் கூறியவற்றுள் எதையேனும் ‘எவ்வாறு அறிந்தீர்?’ என்று கேட்க விரும்புவோர், பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து அமருமாறு வேண்டுகிறேன்.