விலை உயர்ந்த முகப்பூச்சும் இல்லறத்தார் நியமமும்

(தசலட்சணப் பர்வத்தையொட்டிச் சேர்வராயன் மலைக் கொட்டச்சேட்டில் நடைபெற்ற குடும்பக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உத்தம சௌசம் குறித்துப் பேசுமாறு அறக்கட்டளையார் பணித்தனர். சௌசம் என்பதற்குத் தூய்மை என்று பொருள் கொள்கிறோம். பத்து அறங்களுள் ஒன்றாக நம் ஆசாரியர்கள் அதனை வைத்தபோது, அவா நீங்கிய உள்ளத்தின் தூய்மையையே கருதினார்கள். அவாவைப் பொதுவாகக் கண்டிப்பது எளிது. கேட்டுத் தலையசைத்துவிட்டு எழுந்து செல்வதும் எளிது. ஆகவே, நம் வீட்டு நிலைக்கண்ணாடியின் முன் இருக்கும் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டு பேச விழைகிறேன். முகம் வறளாமல் இருக்கப் பூசும் களிம்பு, இளையோர் மொழியில் மாய்ஸ்சரைசர், பல்லாயிரம் ரூபாய் விலைக்கு வருகிறது. அவ்விலை தகுமா என்னும் வினா, திருமணத்துக்குப் பொருள் வாங்கும் வீடுகளில் இன்று மெய்யாகவே எழுகிறது. தாய் ஒரு விடை சொல்கிறார்; மகள் வேறொரு விடை சொல்கிறாள். நூலறிவும் அறநூலும் சேர்ந்து என்ன விடை தரும் என்று பார்ப்போம்.

பூச்சுப் பொருளின் தரத்தைப் பற்றிய வழக்கு நமக்குப் புதியதன்று. திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில், குணமாலையார் இலம்பகத்தில், அது ஓர் அழகிய நிகழ்ச்சியாகவே வருகிறது. இராசமாபுரத்துச் செல்வ வணிகர் மகளிர் குணமாலையும் சுரமஞ்சரியும். நீராட்டு விழாவுக்குத் தாம் தாம் செய்த நறுஞ்சுண்ணமே சிறந்தது என்று இருவரும் மாறுபட்டனர். சேடியர் இரு சுண்ணங்களையும் ஏந்திச் சென்று அறிந்தாரிடம் காட்டினர். வழக்கு இறுதியில் சீவகனிடம் வந்தது. அவன் இரண்டையும் வானில் தூவினான். குணமாலையின் சுண்ணத்தை வண்டுகள் மொய்த்தன. மற்றது நிலத்தில் வீழ்ந்தது. சுரமஞ்சரி நீராடாமலே மனம் வருந்தித் திரும்பினாள்.

இதில் நான் வியப்பது சீவகன் தேர்ந்த முறையை. இருவரும் செல்வர், இருவர் சுண்ணமும் விலைமிக்க பொருள்களால் ஆனவையே. ஆதலால் விலையைக் கொண்டு தீர்ப்புக் கூற இயலாது. தானே மோந்து சொல்லியிருந்தால், ஒருத்தியின்பால் சாய்ந்தான் என்ற பழி வந்திருக்கும். வண்டுக்கோ எது யாருடையது என்று தெரியாது. பேழையின் அழகோ குடிப்பெருமையோ அதனை மயக்காது. இன்றைய மருத்துவ ஆய்வாளர் போற்றும் முறையும் இதுவே: பூசிக்கொள்பவருக்கும் ஆராய்பவருக்கும் எது எந்த மருந்து என்று தெரியாமல் வைத்துச் சோதிப்பார்கள்.

அத்தகைய சோதனை ஒன்று 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர்கள், தோல் வறட்சியுற்ற 34 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் செக்கில் ஆட்டியது போன்ற தூய தேங்காய் எண்ணெயும், மற்றவர்க்கு மினரல் ஆயில் எனப்படும் கனிம எண்ணெயும் கொடுத்து, நாளுக்கு இருமுறையாக இரண்டு வாரம் பூசச் செய்தார்கள். இரண்டும் ஒப்ப நற்பயன் தந்தன. நம் அடுக்களையில் இருக்கும் எண்ணெய், தன் பெயர் மறைக்கப்பட்ட நிலையிலும் தோற்கவில்லை.

எளிய பொருள் எவ்வாறு இத்துணைப் பயன் தருகிறது? தோலின் மேலடுக்கு, உயிர் நீங்கிய அணுக்களை அடுக்கி இடையே கொழுப்புப் பூசிய சுவர் போன்றது. செங்கல்லும் சாந்தும் என்று மருத்துவர் உவமை கூறுவர். மலைக்குளிரிலும் வறண்ட காற்றிலும், வெந்நீரும் காரமான சோப்பும் மிகுதியாகப் படும்போதும், அச்சாந்து கரைகிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. மார்கழி, தை மாதங்களில் இம்மலையில் முகமும் உதடும் வெடிப்பது இதனால்தான்.

இதனைத் தடுக்க மூவகைப் பொருள்கள் உள்ளன. கிளிசரின் போன்றவை ஈரத்தை ஈர்த்து வைக்கும். எண்ணெய் வகைகள் வெடிப்பை நிரப்பி மென்மை தரும். வாசலின் என்று நாம் அழைக்கும் பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை மேலே மூடி, ஈரம் போகாமல் காக்கும். ராபர்ட் செசப்ரோ என்பவர் 1872இல் காப்புரிமை பெற்ற அந்த ஜெல்லி, ஈரம் காக்கும் திறத்தில் இன்றளவும் முன்வரிசையில் நிற்கிறது. விலையிலோ கடைசி வரிசையில் நிற்கிறது.

அவ்வாறாயின் பெரும் விலைக் களிம்புகளில் இருப்பது என்ன? உலகப் புகழ் பெற்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிரெம் டி லா மேர் என்னும் களிம்பை மாக்ஸ் ஹூபர் என்னும் இயற்பியல் அறிஞர் உருவாக்கினார். 1995இல் எஸ்டீ லாடர் நிறுவனம் அதனை வாங்கிற்று. அதன் சிறு குப்பியே பல்லாயிரம் ரூபாய் விலை பெறுகிறது. புளிக்கவைத்த கடற்பாசிச் சாறு அதன் பெருமை. உட்பொருள் பட்டியலைத் தொடர்ந்து படித்தால், மினரல் ஆயில், கிளிசரின், நுண்படிக மெழுகு, லானோலின் ஆல்கஹால் என்னும் பெயர்கள் வருகின்றன. 1911 முதல் விற்பனையில் உள்ள நிவியாவின் நீலப்பெட்டிக் களிம்பிலும் இந்நான்கும் உள்ளன. இரண்டும் ஒன்றே என்று நான் கூறவில்லை. மணமும் குழைவும் சில சாறுகளும் வேறு. ஈரம் காக்கும் வேலையைச் செய்யும் கைகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றே.

கொலாஜன் சேர்த்தது என்று விளம்பரப்படுத்தப்படும் களிம்புகளும் உண்டு. தோலுக்கு உறுதி தரும் புரதம் கொலாஜன் என்பது மெய். ஆயினும் ஏறத்தாழ 500 டால்டனுக்கு மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறுகள் நலமான தோலைக் கடந்து உட்செல்வது அரிது என்பது தோலியலார் கொண்டுள்ள பொது விதி. கொலாஜனின் எடையோ ஏறத்தாழ 3,00,000 டால்டன். ஊசித்துளையில் யானை நுழையாதது போல அதுவும் உள்நுழையாது; மேலே படிந்து சற்று ஈரம் காக்கும். அவ்வேலைக்குக் கிளிசரின் போதும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 30 மில்லி 15,000 ரூபாய் எனில், ஒரு மில்லி 500 ரூபாய். 100 மில்லி 300 ரூபாய் எனில், ஒரு மில்லி 3 ரூபாய். நாளொன்றுக்கு ஒரு மில்லி பூசினால், திங்கள் ஒன்றுக்கு முன்னதன் செலவு 15,000 ரூபாய். பின்னதன் செலவு 90 ரூபாய். அரும்பொருள் என்பதால் அதனைத் துளித்துளியாகத் தொட்டுப் பூசுவாரும் உண்டு. போதிய அளவு பூசாத களிம்பு எத்துணை உயர்ந்ததாயினும் தன் பயனைத் தராது. எளிய களிம்பைத் தாராளமாகப் பூசியவர் முகமே அப்போது நலமாக இருக்கும்.

எஞ்சிய பணம் கண்ணாடிக் குப்பிக்கும், நறுமணத்துக்கும், நடிகையர் முகம் தாங்கிய விளம்பரத்துக்கும், பெருநகர்க் கடையின் வாடகைக்கும், பெயருக்கும் செல்கிறது. நறுமணமும் மென்குழைவும் இன்பமே. அவ்வின்பத்தை இன்பம் என்று அறிந்தே ஒருவர் வாங்கினால் அவர் ஏமாறவில்லை. மருந்து என்று கருதி வாங்கினால் ஏமாறுகிறார். அன்றியும், நறுமணப் பொருள்கள் சிலர் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். விலை அதனைத் தடுக்காது.

இனி, நம்மவர்க்கே உரிய ஒரு செய்தி. விலை ஏற ஏற, அரிய பொருள் சேர்த்தோம் என்று கூறவேண்டிய நெருக்கடி உற்பத்தியாளர்க்கு உண்டாகிறது. அரிய பொருள் என்பது பல வேளைகளில் ஓர் உயிரிடமிருந்து எடுத்ததாக இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லா பிரேரி நிறுவனம் கேவியார் எனப்படும் மீன்முட்டையின் சாற்றைச் சேர்த்த களிம்புகளால் பெயர் பெற்றது. கொரிய நாட்டுக் களிம்புகள் சிலவற்றில் நத்தையின் கோழை சேர்கிறது. கொலாஜன் மீன் தோலிலிருந்தும் மாட்டுத் தோலிலிருந்தும் எடுக்கப்படுகிறது. ஸ்குவாலீன் என்னும் எண்ணெய் சுறாவின் ஈரலிலிருந்து எடுக்கப்பட்டது; இன்று ஆலிவிலிருந்தும் கரும்பிலிருந்தும் பெறும் வழிகளும் உள்ளன. லானோலின் ஆட்டு மயிரின் கொழுப்பு. கள்ளும் ஊனும் தேனும் விலக்குதல் இல்லறத்தானின் அடிப்படைக் குணம் என்று பயின்ற நாம், நாவில் வைக்காத தேனை முகத்தில் பூசலாமா? சூரியன் மறைந்தபின் உண்ணாத தாய், சுறாவின் ஈரல் எண்ணெயை அறியாமலே கன்னத்தில் தடவலாமா? இங்கு விலையேற்றம் தூய்மைக்குச் சான்றாவதில்லை. சிலவிடத்து அதற்கு மாறாகவும் நிற்கிறது.

நம் நாட்டின் சட்டம் ஓரளவு துணை செய்கிறது. அழகுப் பொருள்களை விலங்குகளின்மேல் சோதிப்பதையும், அவ்வாறு சோதித்தவற்றை இறக்குமதி செய்வதையும் இந்திய அரசு 2014இல் தடை செய்தது. சோதனைக்கே அத்தடை, உட்பொருளுக்கு இல்லை. ஆகவே உறையின் பின்புறத்தைப் படிப்பது நம் கடமை. உட்பொருள்கள் அளவு மிகுந்ததிலிருந்து குறைந்தது நோக்கி வரிசையாக எழுதப்படும். பெருமையாகப் பேசப்படும் சாறு பட்டியலின் கடைசியில் நின்றால், அது எவ்வளவு இருக்கும் என்பதை நாமே உய்த்துணரலாம்.

இனி அறநூலுக்கு வருவோம். சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரத்தையும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பையும் நம் பெரியோர் போற்றிப் பயின்றனர். அந்நெறியில் போகோபபோக பரிமாணம் என்று ஒரு விரதம் உண்டு. ஒருமுறை துய்த்து ஒழிவது போகம், உணவு போன்றது. மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம், உடை போன்றது. இரண்டுக்கும் தனக்குத் தானே அளவு வகுத்துக்கொள்ளுதலே இவ்விரதம். அளவிட வேண்டியவற்றை ஆசாரியர் எண்ணிக் கூறும்போது, உணவு, ஊர்தி, படுக்கை, நீராட்டு, மலர், வெற்றிலை, உடை, அணி என்பவற்றோடு மேனிப் பூச்சையும் சேர்த்திருக்கிறார். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் வினாவுக்கு அவர் இடம் ஒதுக்கிவிட்டார்!

அவர் காட்டிய கருணையையும் கவனியுங்கள். வாழ்நாள் முழுதும் விடுவது யமம். காலவரை வைத்து விடுவது நியமம். ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், ஒரு பருவம், ஓர் அயனம் என்று இயன்ற காலத்துக்கு வரையறை செய்துகொள்ளலாம். பூசாதே என்று இல்லறத்தாரை நோக்கி அறம் கட்டளையிடவில்லை. அளவறிந்து பூசு என்கிறது. சிந்தாமணியும் சுண்ணத்தை வெறுக்கவில்லை. அதன் நறுமணத்தைப் பாடிய அதே காப்பியம்தான், சீவகனைத் துறவில் கொண்டு நிறுத்துகிறது. துய்ப்புக்கும் துறவுக்கும் நடுவே இல்லறத்தார்க்கு உள்ள படிக்கட்டு இந்த அளவுதான்.

எனவே இப்பர்வத்தில் மூன்று சிறு நியமங்களை முன்வைக்கிறேன். முதலாவது, ஒரு திங்கள் காலம் ஒரே ஒரு முகப்பூச்சு போதும் என்று வரைந்துகொள்வது. இரண்டாவது, உட்பொருளைப் படித்து உயிர்க்கொலைக்கு இடமான பொருளை வாங்காதிருப்பது. மூன்றாவது, அவ்வாறு மிஞ்சும் தொகையை ஔஷத தானத்துக்கோ சாத்திர தானத்துக்கோ ஒதுக்குவது. மேற்சொன்ன கணக்கின்படி ஒரு குப்பியில் மிஞ்சுவது ஏறத்தாழ 15,000 ரூபாய். அதனைக் கொண்டு ஓர் ஏழை மாணவர்க்கு ஆண்டு முழுமைக்கும் பாடநூலும் குறிப்பேடும் வாங்கலாம். இம்மலையின் காப்பித் தோட்டங்களில் உழைப்போர் பலர்க்கு அது பெருந்தொகை.

உடல் நலம் கருதி நடைமுறைக் குறிப்புகள் சில. மிகு வெந்நீரைத் தவிர்த்து, குளித்தவுடன் தோலில் ஈரம் இருக்கும்போதே பூசுங்கள். மணம் சேர்க்காத, கிளிசரின் உள்ள எளிய களிம்பு பெரும்பாலோர்க்குப் போதும். தேங்காய் எண்ணெயும் நன்று. முகப்பரு வரும் இயல்பினர் மட்டும் அதனை முகத்தில் தவிர்ப்பது நலம். புதிய எதனையும் முழங்கை மடிப்பில் சில நாள் பூசிப் பார்த்தபின் முகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். மலை குளிர்ந்திருப்பதால் வெயில் இல்லை என்று எண்ணாதீர்கள். உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு மிகும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. முகச்சுருக்கத்துக்கு அஞ்சுவோர், பொன்துகள் கலந்த களிம்பைவிடக் குடைக்கும் சன்ஸ்கிரீனுக்கும் செலவிடுவதே அறிவுடைமை. அரிப்பும் செதிலும் தொடர்ந்தால் கடைக்காரரை நாடாது தோல் மருத்துவரை நாடுங்கள்.

மணமகளாகப் போகும் பெண்களுக்கும் அவர்தம் தாய்மார்க்கும் ஒரு சொல். பெண்ணின் முகத்தை விலைப்பொருள் போல நோக்கும் கண்கள் இருக்கும்வரை, அச்சத்தை விற்போர்க்கு வாணிகம் குறையாது. ஆதலால், பெண் பார்க்கச் செல்லும் நம் வீட்டார் நிறத்தையும் மினுக்கத்தையும் பேசாதிருப்பதும் ஒரு நியமமாகட்டும். ஆயிரம் களிம்புகள் தராத தெளிவை அது நம் பெண்மக்கள் முகத்தில் தரும்.

நற்காட்சியால் விலையின் மயக்கம் நீங்கிப் பொருளைக் காண்போம். நல்ஞானத்தால் அதன் உட்பொருளை அறிவோம். நல்லொழுக்கத்தால் அளவு வகுத்துத் துய்ப்போம். வறண்ட தோலுக்கு ஈரம் வேண்டும்; அது சில ரூபாயில் கிடைக்கும். பிற உயிர்களுக்கு இரங்கும் நெஞ்சின் ஈரத்தை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. அதனை நாமே பேணவேண்டும்.

 அருளறம் ஓங்குக! ஜெய ஜினேந்திரா!