மரக்கால் யார் கையில்?

(நம் சங்கத்தின் வெள்ளி விழா இளைஞர் அரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

    

விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு, "கைப்பேசிச் செயலி வழியே பகுதி நேர வேலை" என்பதாகும். "ஐயா, தாங்கள் வரலாறு கற்பிப்பவர், இத்தலைப்பு தங்களுக்குப் பொருந்துமா?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். என்னிடம் படித்துச் சென்ற பிள்ளைகளுள் சிலரை இன்று நான் சந்திக்கும் இடம் கல்லூரி வாசல் அன்று. திருச்சியிலும் சென்னையிலும் உள்ள உணவு விடுதிகளின் வாசல். முதுகிலே பெரிய பை, கையிலே கைப்பேசி, கண்ணெல்லாம் அதன் திரையில். என்னைக் கண்டதும், "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டு ஓடுகிறார்கள். நின்று பேச அவர்களுக்கு நேரமில்லை. ஆகவே இது என் தலைப்புத்தான் என்று ஏற்றுக்கொண்டேன்.

முதலில் ஒரு பழைய செய்தியைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் தந்தையார் கீழத்தஞ்சைப் பகுதியிலே பண்ணையாளாக இருந்தவர். அறுவடை முடிந்து களத்துமேட்டில் கூலி நெல் அளக்கும்போது, மரக்கால் பண்ணையின் காரியக்காரர் கையில் இருக்குமாம். நெல்லை வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது வேறொரு மரக்கால். "கொறையுதுன்னு தெரியும் தம்பி, எவ்வளவு கொறையுதுன்னு தெரியாது. எங்களுக்கு எண்ணத் தெரியாம இல்ல. மரக்கால தொட்டுப் பாக்க விடமாட்டாங்க" என்று அவர் சொல்லுவார். அந்தக் கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதற்காகவும், சங்கம் சேர்ந்ததற்காகவும், 1968 டிசம்பர் 25 அன்று இரவு கீழவெண்மணியில் 44 உயிர்கள் எரிந்து சாம்பலாயின. பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் மிகுதி. அதன் பின்னரே, 1969இல், விவசாயத் தொழிலாளர்க்கான நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலியின் அளவைக் கேட்பது எளிய காரியம் அன்று என்பதை நம் முன்னோர் உயிர் கொடுத்துக் கற்றார்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

இளைஞர்களே! செயலி வழி வேலையை நான் பழிக்க வரவில்லை. அதில் நன்மை உண்டு. பரிந்துரைக் கடிதம் வேண்டாம். யார் காலிலும் விழ வேண்டாம். பதினெட்டு வயது நிறைந்து, ஆதார் அட்டையும், பான் அட்டையும், வங்கிக் கணக்கும், ஓட்டுநர் உரிமமும், வண்டிக்குரிய பதிவுச் சான்றும் இருந்தால் சில நாட்களில் வேலையில் சேரலாம். உணவு கொண்டு சேர்க்க ஸ்விக்கி, சொமேட்டோ. ஆளை ஏற்றிச் செல்ல ராபிடோ, ஊபர், ஓலா. சரக்கு ஏற்ற போர்ட்டர். வீட்டுப் பணிகளுக்கும் அழகுக் கலைக்கும் அர்பன் கம்பெனி எனப் பல உள்ளன. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21ஆம் ஆண்டில் இந்நாட்டில் 77 இலட்சம் பேர் இத்தகைய வேலைகளில் இருந்ததாகக் கணித்தது. 2029-30இல் அத்தொகை 2 கோடியே 35 இலட்சமாக உயரும் என்றும் கூறியது. இவ்வளவு பெரிய வாசலை நம் பிள்ளைகளுக்கு அடைத்து வைப்பது அறிவுடைமை ஆகாது.

இன்னொன்றும் உண்டு. வேலை கொடுக்கும்போது செயலி நம் தெருவின் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. தேநீர்க் கடையில் தனிக் குவளை கண்ட என் தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். ஆயினும் செயலிக்கு இல்லாத சாதி, கதவைத் திறக்கும் கைக்கு இருக்கக்கூடும். 2022 ஜூன் மாதம் லக்னோ நகரில், உணவு கொண்டு சென்ற தலித் இளைஞர் ஒருவர், தம் பெயரைக் கேட்டபின் உணவை வாங்க மறுத்துத் தம்மைத் தாக்கினார்கள் என்று காவல் நிலையத்தில் புகார் அளித்தார். அவர் வாயை மூடிக்கொண்டு திரும்பவில்லை என்பதைக் கவனியுங்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஊருக்குள் மட்டுமன்று, நகரத்து அடுக்குமாடி வாசலிலும் செல்லும்.

இனிக் கணக்குக்கு வருவோம். என் பழைய மாணவர் ஒருவர், கல்லூரியில் படித்துக்கொண்டே மாலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணி வரை உணவு கொண்டு சேர்க்கும் வேலை பார்த்தார். ஒருநாள் மகிழ்ச்சியோடு என்னிடம் கைப்பேசியைக் காட்டினார். அன்றைய வருமானம் 560 ரூபாய் என்று திரையில் இருந்தது. "தம்பி, ஒரு தாளை எடு" என்றேன். இருவரும் உட்கார்ந்து எழுதினோம். அவர் வண்டி ஓடியது 75 கிலோமீட்டர். கொண்டு கொடுக்கும் தூரத்துக்குத்தான் கூலி. வெறும் வண்டியாய்த் திரும்பி வரும் தூரமும் அதில் சேர்ந்திருந்தது. பெட்ரோல் 190 ரூபாய். வண்டித் தவணை நாளொன்றுக்கு 110. டயர், ஆயில், பிரேக் தேய்மானம் 40. கைப்பேசிக் கட்டணம் 10. தேநீரும் ரொட்டியும் 30. ஆகச் செலவு 380. கையில் நின்றது 180 ரூபாய். ஆறு மணி நேர உழைப்புக்கு மணிக்கு 30 ரூபாய்!

அவர் முகம் வாடிவிட்டது. "சார், தினமும் ஐநூறு சம்பாதிக்கிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். திரை காட்டியது பொய்யன்று. ஆனால் அது பாதி உண்மை. வரவை அது எழுதும், செலவை எழுதாது. செலவு எழுதுவது நம் வேலை.

அந்த மாணவர் அன்று வேலையை விட்டுவிடவில்லை. ஒரு குறிப்பேடு வாங்கினார். எந்தப் பகுதியில், எந்த நேரத்தில், எத்தனை கிலோமீட்டர், கையில் நின்றது எவ்வளவு என்று நாள்தோறும் எழுதினார். வார நாட்களில் ஓடுவதில் பயனில்லை என்று அக்குறிப்பேடே அவருக்குச் சொல்லிற்று. சனி, ஞாயிறுகளில் மட்டும் ஓடினார். தேர்வு மாதத்தில் அதையும் நிறுத்தினார். பி.காம். முடித்தார், இன்று அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கிறார்.

அவருடன் படித்த இன்னொரு பிள்ளையும் உண்டு. அவர் இவரைவிடக் கெட்டிக்காரர். வாரந்தோறும் கையில் பணம் வந்த ருசியில், இரண்டாம் ஆண்டிலேயே கல்லூரியை விட்டார். அரசு தந்த கல்வி உதவித்தொகையும் அத்தோடு போயிற்று. மூன்று ஆண்டுகள் பகலும் இரவுமாக ஓடினார். ஒரு மழை இரவில் புறவழிச் சாலையில் விழுந்து கால் எலும்பு முறிந்தது. நான் மருத்துவமனைக்குச் சென்று பார்த்தபோது, "வண்டி தவணை கட்டணும் சார்" என்பதே அவர் சொன்ன முதல் வார்த்தை. சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த காப்பீடு, கூலிக்கு ஓடிய வண்டிக்குச் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அவரைப் "பங்குதாரர்" என்று அழைத்த நிறுவனத்தில், போய்க் கேட்க ஓர் ஆள் முகம் கூட அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பிள்ளைகளும் என் பிள்ளைகளே. ஒருவரை வாழ்த்தியும் மற்றவரை இகழ்ந்தும் பேச எனக்கு மனமில்லை. இரண்டாமவருக்கும் ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுக்கத் தவறியவன் நானே என்று பலமுறை எண்ணியிருக்கிறேன்.

இப்போது மரக்காலுக்கு வருகிறேன். ஒரு சவாரிக்கு இன்று முப்பது ரூபாய், நாளை இருபத்திரண்டு ரூபாய் என்றால், ஏன் என்று கேட்க வழி உண்டா? ஊக்கத்தொகைக்கு இன்னும் இரண்டே வேலைகள் பாக்கி என்னும் நிலையில் கைப்பேசி ஓசையின்றிக் கிடந்தால், அது தற்செயலா, ஏற்பாடா என்று அறிய முடியுமா? வாடிக்கையாளர் கொடுக்கும் நட்சத்திரம் குறைந்து ஒரு காலையில் உங்கள் கணக்கு முடக்கப்பட்டால், காரணம் சொல்வார் யார்? காரியக்காரர் போய்விட்டார், மரக்கால் போகவில்லை. அது இப்போது கண்ணுக்குத் தெரியாத கணக்குப் பொறியாக எங்கோ இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையிலே தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார்கள். அக்காலத்திலேதான் தொழிற்சாலைத் தொழிலாளரின் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்படச் சட்டத் திருத்தம் வந்தது. செயலித் தொழிலாளிக்கு அந்த 48 மணி என்னும் வேலி இல்லை. அவரை முதலாளி, தொழிலாளி என்ற உறவுக்கு வெளியே சட்டம் வைத்திருக்கிறது. ஆகவே தன் வேலை நேரத்துக்குத் தானே வேலி கட்டிக்கொள்ள வேண்டிய நிலையில் அவர் இருக்கிறார்.

ஆனால் எல்லாம் இருட்டு அன்று. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை இத்தொழிலாளரின் நலனுக்காகச் செலுத்த வேண்டும் என்று அது கூறுகிறது. 2023இல் இராஜஸ்தான் மாநிலம் இத்தொழிலாளர்க்கென முதல் தனிச் சட்டம் இயற்றியது. கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம், வேலையிலிருந்து நீக்குவதற்கு முன் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. கணக்குப் பொறி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியும் உரிமையையும் தொழிலாளிக்குத் தருகிறது. மரக்காலைத் தொட்டுப் பார்க்கும் உரிமை என்று இதைத்தான் நான் சொல்வேன். தமிழ்நாட்டு அரசு 2023இல் தனி நலவாரியம் ஒன்றை அமைத்தது. அதில் பதிந்தோருள் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. பதியாதவர் பெயரை எந்தச் சலுகையும் தேடி வராது. பள்ளிச் சேர்க்கைக்கே நம் பெயரை எழுத மறுத்த காலம் ஒன்று இருந்தது. இன்று எழுத அழைக்கும்போது நாம் போகாமல் இருக்கலாமா?

ஓர் எச்சரிக்கையும் கூறுவேன். "வீட்டிலிருந்தே பகுதி நேர வேலை; காணொளிக்கு விருப்பக்குறி போட்டால் பணம்" என்று டெலிகிராமிலும் வாட்சாப்பிலும் வரும் அழைப்புகள் பெரும்பாலும் வலைகளே. முதலில் நூறோ இருநூறோ கொடுப்பார்கள். பிறகு முன்பணம் கட்டச் சொல்வார்கள். உண்மையான வேலை உங்களுக்குப் பணம் தரும். உங்களிடம் முதலீடு கேட்காது. இதைவிடக் கொடியது, "உன் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் கொடு, மாதம் ஒரு தொகை தருகிறோம்" என்பது. அக்கணக்கின் வழியே திருட்டுப் பணம் ஓடும். வழக்கு உங்கள் பெயரில் வரும். அரசு வேலைக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு வரும்போது அவ்வழக்கு குறுக்கே நிற்கும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள்.

என் அருமைப் பிள்ளைகளே! நான் வேண்டுவன நான்கே. வேலைக்குச் சேரும் அன்றே ஒரு குறிப்பேடு வாங்குங்கள். வண்டிக்கு எந்த உபயோகத்துக்கான காப்பீடு என்று கேட்டு எடுங்கள். நலவாரியத்திலும் இ-ஷ்ரம் தளத்திலும் பெயரைப் பதியுங்கள். படிப்பு முடியும் வரை இதைப் பகுதி நேர வேலையாகவே வைத்திருங்கள். வார வருமானத்துக்காகப் பட்டத்தை விற்றுவிடாதீர்கள்.

சங்கப் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இவ்வெள்ளி விழா ஆண்டிலே நம் இரவுப் பாடசாலைக் கட்டடத்தில் வாரம் ஒரு மாலை இப்பிள்ளைகளுக்காக ஒதுக்குங்கள். அவர்கள் தத்தம் குறிப்பேடுகளைக் கொண்டு வந்து ஒன்றாக வைத்துப் பார்க்கட்டும். ஒருவர் குறிப்பேடு ஒருவரின் குறையைத்தான் காட்டும். இருபது குறிப்பேடுகள் சேர்ந்தால் மரக்காலின் அளவே தெரிந்துவிடும். அளவு தெரிந்தபின் கேட்பதற்கு வாய் தானே வரும். பதிவு செய்யும் படிவங்களை நிரப்ப என் போன்ற ஆசிரியர்கள் வருவோம். முதல் மாலைக்கு நானே வருகிறேன். என் அந்த இரண்டாவது மாணவரையும் அழைத்து வருகிறேன். தொலைநிலைக் கல்வியில் விட்ட படிப்பைத் தொடர இப்போது அவர் விண்ணப்பித்திருக்கிறார் என்பதை மகிழ்ச்சியுடன் இவ்வவைக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் தந்தையார் தம் ஆயுளில் மரக்காலைத் தொட்டதில்லை. அவர் பிள்ளை எண்ணும் எழுத்தும் கற்றான், பிறர்க்கும் கற்பித்தான். அந்த எண்ணையும் எழுத்தையும் கூலி வாங்கும் இடத்தில் பயன்படுத்தாமல் விட்டால், நாம் கற்ற கல்வி சான்றிதழோடு நின்றுவிடும். உழையுங்கள், கணக்கு எழுதுங்கள், கூடிக் கேளுங்கள்.

வாழ்க நம் கல்விச் சங்கம்! வளர்க அதன் தொண்டு!