தேருக்கு பிரேக் போடுவது யார்?

ஆடிப்பூரத்தன்று ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் இடிபட்டுப் போய் வடம் பிடித்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளும் அந்தப் பெரிய தேரை நாம் எல்லாரும் சேர்ந்து இழுக்கிறோம், சரி. நிறுத்துவது யார்?

வடம் பிடித்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இழுப்பை விட்டாலும் தேர் உடனே நிற்காது. வடம் தொய்ந்து தரையில் விழும். தேர் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். கயிற்றால் இழுக்கத்தான் முடியும், எதிர்த்துத் தள்ள முடியாது. அதனால் தேருக்கென்று தனி பிரேக் வேண்டும். நெடுங்காலம் அது முட்டுக்கட்டை என்ற மரம்தான்.

முட்டுக்கட்டையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஒரு முனை சன்னமாக, மறுமுனை உயரமாக ஆப்பு போலச் செதுக்கியிருப்பார்கள். சன்னமான முனையைச் சக்கரத்தின் முன்னால் கொடுத்தால் சக்கரம் அந்தச் சரிவில் ஏற வேண்டும். ஏறுகிற சிரமத்தில் வேகம் செத்து நிற்கும். கட்டை போடுகிறவர் சக்கரத்தோடு சக்கரமாக நடக்க வேண்டும். சாமியைப் பார்க்கக்கூட அவருக்கு நேரம் இருக்காது. என்னைக் கேட்டால், அன்றைக்கு ரத வீதியில் ஆபத்தான வேலை அவருடையதுதான்.

நிறுத்துவதில் ரயிலுக்கும் இதே தலைவலி இருந்தது. ஆரம்பத்தில் இன்ஜின் விசில் கொடுக்கும். பெட்டிகளில் இருக்கும் ஆட்கள் கையால் சக்கரம் திருகி பிரேக் போடுவார்கள். 1869இல் அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக் கொண்டுவந்தார். சில வருஷத்தில் அதைத் தலைகீழாக மாற்றினார்: குழாயில் காற்றழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியும் தன் பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும். பெட்டி கழன்று ஓடினாலும் நின்றுவிடும். ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் போன மீட்டர்கேஜ் வண்டிகளில் வேலை செய்தது வேக்குவம் பிரேக். குழாய் அறுந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து பிரேக் பிடிக்கும். தத்துவம் ஒன்றே.

இன்று வெளிநாட்டில் படுக்கை, அடுப்படியோடு வீடு மாதிரி இருக்கும் வேனில் ஊர் சுற்றுகிறவர்கள், பின்னால் ஒரு காரையும் கட்டி இழுக்கிறார்கள். அங்கே கயிற்றுக்குப் பதில் இரும்புத் தண்டு. முன்வண்டி நிற்கும்போது பின்னால் வரும் கார் முட்டித் தள்ளும். அதற்காக ஆளில்லாத காரின் பிரேக் மிதியை அழுத்த ஒரு கருவி வைக்கிறார்கள். தண்டு முறிந்தால் இழுபடும் கம்பி ஒன்று அதைத் தட்டிவிடும். வெஸ்டிங்ஹவுஸின் யோசனையேதான்.

திரும்ப நம் தேருக்கு வருவோம். முன்பெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் கிளம்பினால் நிலைக்கு வரப் பல நாள் ஆனதுண்டு. ஹைட்ராலிக் அமைப்பு வந்து, புல்டோசரும் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்த பிறகு இரண்டு மூன்று மணி நேரத்தில் நிலை சேர்ந்துவிடுகிறது. திருவாரூர் ஆழித்தேருக்கும் ஹைட்ராலிக் பிரேக் உண்டு. செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது நேரம் மிச்சமானதல்ல. பின்னால் இயந்திரம் தள்ளுகிறது, முன்னால் நிற்பது ஜனம். அப்படியிருக்க நல்ல பிரேக் இல்லாமல் அந்த வேகம் கூடவே கூடாது.

அப்படியானால் முட்டுக்கட்டைக்கு வேலை போய்விட்டதா? இல்லை. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வீதி முக்கில் ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத்தான் இன்னும் திருப்புகிறார்கள்.