ஏவற்சிறுவனும் வீரனும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

ஆங்கிலப் பாடத்தில் ஒரு சொல்லுக்கு ஒத்த சொற்களை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர். 'நேவ்' என்றால் 'ரோக்', 'ராஸ்கல்', 'வில்லன்' என அடுக்குவர். கயவன் என்பது பொருள். இன்று பேச்சில் அருகிவிட்ட அச்சொல்லைப் பழைய நாடகங்களிலும் கதைகளிலும் காணலாம். எனினும் அதன் வரலாறு நாம் அறியத்தக்கது.

பழைய ஆங்கிலத்தில் அதற்குச் சிறுவன் என்பதே பொருள். பின்னர் அது ஏவல் செய்யும் பையனைக் குறித்தது. அதன்பின் தாழ்நிலையினன் என்றும், இறுதியில் கயவன் என்றும் ஆயிற்று. அப்பையன் செய்த குற்றம் யாது? ஏவல் செய்தான், அவ்வளவே.

'நைட்' என்ற சொல்லும் முதலில் சிறுவன், பணியாள் என்றே பொருள்பட்டது. அவனோ அரசனுக்காகக் குதிரையேறிப் போரிட்டான். ஆகவே அவன் பெயர் பட்டமாக உயர்ந்தது. வாளேந்திய பணிக்குப் புகழ். வீட்டுப் பணிக்கு இகழ்! 'வில்லன்' என்பானும் தொடக்கத்தில் பண்ணை நிலத்தில் உழைத்தவனே.

சீட்டுக்கட்டில் ராணிக்கு அடுத்த 'ஜாக்' சீட்டுக்கும் 'நேவ்' என்று பெயருண்டு. 1861-இல் நூலாக வெளிவந்த டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' புதினத்தில், கொல்லர் வீட்டில் வளரும் பிப் என்னும் சிறுவன், மாளிகைச் சிறுமி எஸ்டெல்லாவோடு சீட்டாடுகிறான். அவன் 'ஜாக்' என்றதும் அவள் எள்ளி நகைக்கிறாள். அவன் கைகளையும் காலணிகளையும் பழிக்கிறாள். அதுவரை தன் கைகளைப் பற்றி நாணாத பிப் அன்று நாணுகிறான். அவள் உயர்வெனக் கொண்ட சொல்லும் ஏவற்சிறுவனின் பெயரே!

இக்கதை நமக்குத் தொலைவானதன்று. பறை முழக்கிய நம் மக்களின் பெயரையே எடுத்துச் சென்ற ஆங்கிலம், 'பரையா' எனத் திரித்து, விலக்கப்பட்டவன் என்னும் பொருளில் வழங்கியது. இன்றும் அச்சொல் ஆங்கில ஏடுகளில் வருகின்றது.

இளைஞர்களே! இச்சொற்கள் இழிந்தது உழைத்தவர் குணத்தால் அன்று. மேலிருந்து பேசியவர் மனத்தால். தேர்வில் பொருளைப் பிழையின்றி எழுதுங்கள். ஆனால் அதைத் தீர்ப்பென்று ஏற்காதீர்கள். பிப்பைப் போல் உங்கள் பெற்றோரின் கைகளைக் கண்டு நாணாதீர்கள். பிறரைத் தொழிலாலும் குலத்தாலும் இழிக்கும் சொல் உங்கள் நாவிலும் வரவேண்டா.

அகராதி, மக்கள் வழக்கைப் பதிவு செய்யும் ஏடு. வழக்கு மாறினால் அதுவும் மாறும். வழக்கை மாற்றும் எழுத்தாளரும், அகராதி தொகுக்கும் அறிஞரும் இக்கழகத்துப் பிள்ளைகளிடையே தோன்றுக என வாழ்த்தி அமைகின்றேன்.